அம்மாவுக்கு இன்சுலின் எதிர்ப்பு, குழந்தை மட்டும் ஏன் சிறிது?

பிப்ரவரி 2, வாசகர் கேள்வி

எனக்கு இது 29ஆவது வாரம். பிபி ஏறியிருக்கிறது, சிறுநீரில் புரதம் போகிறது, ப்ரீக்ளாம்ப்சியா என்கிறார்கள். ரத்தப் பரிசோதனையில் இன்சுலின் எதிர்ப்பும் இருக்கிறதாம். அம்மாவுக்கு அப்படி இருந்தால் குழந்தை பெரிதாக வளரும் என்றுதான் கேள்விப்பட்டிருக்கிறேன். ஆனால் ஸ்கேனில் என் குழந்தை வாரத்துக்கு ஏற்ற எடையில் இல்லை. இரண்டும் எப்படிச் சேர்ந்து வரும்? நான் சரியாகச் சாப்பிடாததுதான் காரணமா?

பிப்ரவரி 2, இரவு

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை. நீங்கள் சாப்பிடாததால் வந்தது இல்லை.

ஆறு வருடத்துக்கு முன்னால் இதே கேள்வியோடு நான் கட்டிலில் படுத்திருந்தேன். பார்க்க வந்த உறவுக்காரர் ஒருவர், "நாலு வாய் ஒழுங்கா சாப்பிட்டிருந்தா புள்ள இப்படியா இருக்கும்" என்று என் காதுபடவே சொன்னார். வார்டில் இருந்த நர்ஸும் அதற்குத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டல்தான் எனக்கு ரொம்ப நாள் வலித்தது. நான் ஆய்வகத்தில் ஹார்மோன் பரிசோதனை செய்கிறவள். அப்படியிருந்தும் அவர்கள் சொன்னதை நம்பினேன். மீதியை நாளை எழுதுகிறேன்.

பிப்ரவரி 3

கர்ப்பத்தில் இன்சுலின் எதிர்ப்பு வருவது நோய் இல்லை என்பதிலிருந்து தொடங்க வேண்டும். எல்லாருக்கும் வரும். கடைசி மூன்று மாதத்தில் அம்மாவின் உடல் இன்சுலினுக்குக் கட்டுப்படுவது கிட்டத்தட்ட பாதியாகக் குறைகிறது. தசை சர்க்கரையை உடனே இழுத்துக்கொள்ளாது. கொழுப்பு கரைந்து ரத்தத்துக்கு வரும். அம்மாவின் உடல் கொழுப்பை எரித்துக்கொண்டு சர்க்கரையைக் குழந்தைக்கு ஒதுக்கிவைக்கிறது. வீட்டில் பெரியவர்கள் தங்கள் பங்கைக் குறைத்துக்கொண்டு பிள்ளைக்கு எடுத்துவைப்பது மாதிரி.

இதைச் செய்ய வைப்பது பெரும்பாலும் நச்சுக்கொடி. அது சுரக்கும் லாக்டோஜன் என்ற ஹார்மோன் பிரசவ காலம் நெருங்கும்போது ஒரு நாளைக்கு ஒரு கிராம் அளவுக்கு உற்பத்தியாகிறது. மற்ற ஹார்மோன்களை மைக்ரோகிராமில் எண்ணிப் பழகியவர்களுக்கு இது மலைப்பான அளவு. இதோடு நச்சுக்கொடியே சுரக்கும் வளர்ச்சி ஹார்மோன், புரொஜெஸ்டிரோன், கார்ட்டிசோல் எல்லாம் சேர்ந்து இன்சுலினின் கையைக் கட்டுகின்றன. கணையம் ஈடுகொடுத்துக் கூடுதலாகச் சுரக்கும். அதனால் முடியாதபோதுதான் கர்ப்பகாலச் சர்க்கரை நோய்.

ப்ரீக்ளாம்ப்சியாவில் இந்த எதிர்ப்பு வழக்கத்தைவிட அதிகம். லாக்டோஜனும் அதிகமாகச் சுரப்பதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

(பிப்ரவரி 10 குறிப்பைப் பாருங்கள். இந்தக் கடைசி வரி தவறு.)

பிப்ரவரி 3, கொஞ்சம் கழித்து

எந்த அளவிலிருந்து ப்ரீக்ளாம்ப்சியா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். 20 வாரத்துக்குப் பிறகு, குறைந்தது 4 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை 140/90 அல்லது அதற்கு மேல். கூடவே 24 மணி நேரச் சிறுநீரில் 300 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் புரதம். புரதம் இல்லாவிட்டாலும் தட்டணுக்கள் குறைந்தாலோ, ஈரல், சிறுநீரகம் பாதிக்கப்பட்டாலோ, விடாத தலைவலி, பார்வை மங்கல் இருந்தாலோ அதே பெயர்தான். 160/110 என்றால் தீவிரம். அந்த எண்ணைப் பார்த்தால் விடியட்டும் என்று இருக்கக் கூடாது, உடனே கிளம்ப வேண்டும்.

பிப்ரவரி 5

சரி, கேள்விக்கு வருவோம். ரத்தத்தில் சர்க்கரையும் கொழுப்பும் தாராளமாக இருக்கின்றன, குழந்தை மட்டும் மெலிகிறது. பந்தி நிறையப் பரிமாறியாயிற்று, உள்ளே போகும் வாசல்தான் ஒடுங்கிக் கிடக்கிறது.

அந்த வாசல் கருப்பைச் சுவரில் இருக்கும் சுருள் தமனிகள். முதல் ஐந்து மாதத்துக்குள் நச்சுக்கொடியின் செல்கள் இந்தத் தமனிகளுக்குள் நுழைந்து, சுவரில் இருக்கும் தசையைக் கரைத்து, குறுகலான குழாயை அகன்ற வாய்க்காலாக மாற்ற வேண்டும். பிறகு அது சுருங்கவே முடியாது. அம்மாவுக்குப் பயமோ படபடப்போ வந்தாலும் குழந்தைக்குப் போகும் ரத்தம் எளிதில் குறையாது. பிரசவ சமயத்தில் நிமிடத்துக்கு அரை லிட்டருக்கு மேல் ரத்தம் கருப்பைக்குப் போவது இதனால்தான்.

34 வாரத்துக்கு முன்பே வரும் ப்ரீக்ளாம்ப்சியாவில் பெரும்பாலும் இந்த மாற்றம் அரைகுறையாக நின்றிருக்கும். குழாய் குறுகலாகவே இருக்கிறது, தசையும் அப்படியே இருக்கிறது. ரத்தம் விட்டுவிட்டு, வேகமாகப் பீய்ச்சி வருகிறது. நச்சுக்கொடிக்கு மூச்சு முட்டுகிறது. அது அம்மாவின் ரத்தத்துக்குள் சில புரதங்களை அனுப்புகிறது. அதில் முக்கியமானது எஸ்-எஃப்எல்டி-1. ரத்தக்குழாய் உட்சுவர் நலமாக இருக்கத் தேவையான பிஎல்ஜிஎஃப் என்ற காரணியை இது பிடித்துவைத்துக்கொள்கிறது. 2003இல் அனந்த் கருமாஞ்சியின் குழு இதைக் கர்ப்பமான எலிகளின் உடலில் சுரக்க வைத்தபோது, எலிகளுக்கு பிபி ஏறியது, சிறுநீரில் புரதமும் போனது. இப்போது இந்த இரண்டின் விகிதத்தையே ரத்தத்தில் அளந்து பார்க்கிறார்கள். சந்தேகம் இருக்கும் ஒருவருக்கு விகிதம் 38 அல்லது அதற்குக் கீழ் இருந்தால் அடுத்த ஒரு வாரத்துக்குள் ப்ரீக்ளாம்ப்சியா வர வாய்ப்பு மிகக் குறைவு.

நச்சுக்கொடிதான் மூலம் என்பதற்கு இன்னொரு சாட்சி உண்டு. முத்துப்பிள்ளைக் கர்ப்பத்தில் குழந்தையே இல்லாமல் நச்சுக்கொடித் திசு மட்டும் வளரும். அதிலும் ப்ரீக்ளாம்ப்சியா வரும்.

பிப்ரவரி 6

"அம்மாவின் இன்சுலின் குழந்தைக்குப் போய்ச் சேராததால்தான் வளரவில்லையா?" என்று ஒரு கேள்வி. அம்மாவின் இன்சுலின் ஆரோக்கியமான கர்ப்பத்திலும் நச்சுக்கொடியைத் தாண்டிப் போவதில்லை. சர்க்கரைதான் தாண்டும். குழந்தை தன் சொந்தக் கணையத்தில், மூன்றாம் மாதம் முடிவதற்குள்ளாகவே, இன்சுலின் சுரக்கத் தொடங்கிவிடுகிறது. 1950களில் யோர்கன் பெடர்சன் சொன்னதும் இதைத்தான்: அம்மாவின் சர்க்கரை கூடினால் குழந்தைக்குக் கூடுதல் சர்க்கரை போகும், குழந்தையின் கணையம் கூடுதலாக இன்சுலின் சுரக்கும், அந்த இன்சுலின் குழந்தையைக் கொழுக்கவைக்கும். வயிற்றுக்குள் இருக்கும் குழந்தைக்கு இன்சுலின் ஒரு வளர்ச்சி ஹார்மோன்.

பிப்ரவரி 9

என் ஸ்கேன் தாள்களைத் தேடி எடுத்தேன். 28 வாரத்தில் குழந்தையின் வயிற்றுச் சுற்றளவின் புள்ளி வளர்ச்சி வரைபடத்தின் நடுக்கோட்டுக்குக் கொஞ்சம் கீழே. 31இல் கீழ்க்கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. 33இல் கோட்டுக்கு வெளியே. அதே தாளில் தலைச் சுற்றளவின் புள்ளிகள் மூன்றும் நடுக்கோட்டை விடாமல் போகின்றன. அப்போது தலை சரியாக இருக்கிறது என்று மட்டும் சந்தோஷப்பட்டேன். வயிறு ஏன் முதலில் சுருங்குகிறது என்று கேட்கத் தோன்றவில்லை.

சிசுவின் வயிற்றை அந்த அளவில் நிரப்புவது பெரும்பாலும் ஈரல். ஈரலில் சேமிக்கப்படும் கிளைகோஜன், அதாவது சேமிப்புச் சர்க்கரை, அதன் பருமனில் ஒரு பங்கு. வரத்து குறைந்ததும் குழந்தை தன் ரத்த ஓட்டத்தை மூளை, இதயம், அட்ரினல் பக்கம் திருப்பிக்கொள்கிறது. சேமிப்பில் கை வைக்கிறது. ஈரல் சிறுக்கிறது. ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் தொப்புள்கொடித் தமனியின் ஓட்டத்தில் இரண்டு துடிப்புகளுக்கு நடுவே அடியில் பள்ளம் விழத் தொடங்கும். எனக்கு ஒரு நாள் அந்த இடம் வெறும் கோடாக இருந்தது, அங்கே ஓட்டமே இல்லை. திரையைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் பேச்சை நிறுத்திவிட்டு அதே இடத்தை மூன்று முறை திரும்ப அளந்தார்.

ஹார்மோன் பக்கம் பார்த்தால் இது இன்னும் தெளிவாகத் தெரியும். நச்சுக்கொடி வழியாகச் சர்க்கரை போவது ஓரளவுக்குத் தாக்குப்பிடிக்கிறது. அடிபடுவது அமினோ அமிலங்களும் ஆக்சிஜனும். அமினோ அமிலத்தை ஆற்றல் செலவழித்து ஏற்றி அனுப்ப வேண்டும், மூச்சு முட்டும் நச்சுக்கொடிக்கு அந்த ஆற்றல் கட்டுப்படியாகாது. ஆக்சிஜன் குறைந்ததும் குழந்தையின் உடலில் அட்ரினலின் வகை ஹார்மோன்கள் ஏறுகின்றன. அவை அதன் கணையத்தை அடக்குகின்றன. இன்சுலின் குறைகிறது, குழந்தையை வளரவைக்கும் இன்னொரு ஹார்மோனான ஐஜிஎஃப்-1 குறைகிறது. மிச்சமிருக்கும் ஐஜிஎஃப்-ஐயும் கட்டிப்போடும் ஒரு புரதம், ஐஜிஎஃப்பிபி-1, கூடுகிறது. ஆக, அம்மாவின் பக்கம் இன்சுலின் வழிகிறது, குழந்தையின் பக்கம் வறண்டு கிடக்கிறது. நடுவில் சில மைக்ரான் தடிமனுள்ள ஒரு சவ்வு. நீங்கள் கேட்டதற்கு இதுதான் என் பதில்.

வளர்ச்சியை நிறுத்திவைப்பது அந்தக் குழந்தை பிழைத்திருக்கச் செய்யும் ஏற்பாடு. அதைப் பட்டினி போட்டதாக அம்மாவிடம் சொல்வதை என்னால் இன்றும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

பிப்ரவரி 10

ஒரு வாசகர் சரியாகப் பிடித்துவிட்டார், நன்றி. ப்ரீக்ளாம்ப்சியாவில் லாக்டோஜன் அதிகமாகச் சுரக்கும் என்று 3ஆம் தேதி எழுதியிருந்தேன். நலிந்த நச்சுக்கொடி லாக்டோஜனைக் குறைவாகத்தான் சுரக்கும். 1970களில் நச்சுக்கொடியின் நலத்தை அளக்க இந்த ஹார்மோனைத்தான் ரத்தத்தில் பார்த்தார்கள், அளவு இறங்கினால் கவலைப்பட்டார்கள். குழந்தை வளராத கர்ப்பங்களில் நச்சுக்கொடி வளர்ச்சி ஹார்மோனும் குறைவு.

அப்படியானால் அதிகப்படியான எதிர்ப்பு எங்கிருந்து வருகிறது? ஒரு பங்கு கர்ப்பத்துக்கு முன்பே இருந்தது. அதிக எடை, பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டி), சர்க்கரை நோய், குடும்பத்தில் பிபி எல்லாம் இன்சுலின் எதிர்ப்போடும் வருகின்றன, ப்ரீக்ளாம்ப்சியாவோடும் வருகின்றன. இன்னொரு பங்கு அழற்சி. டிஎன்எஃப்-ஆல்ஃபா போன்ற அழற்சிப் புரதங்கள் இன்சுலினின் செய்தி செல்லுக்குள் போகாமல் மறிக்கின்றன. மூன்றாவது, ரத்தக்குழாய் உட்சுவரே கெட்டிருப்பது. இன்சுலின் நைட்ரிக் ஆக்சைடைச் சுரக்க வைத்துக் குழாயை விரித்து, தசைக்கு ரத்தத்தை அனுப்பித்தான் தன் வேலையைச் செய்கிறது. குழாய் விரியாவிட்டால் அதன் வேலை முழுதாக நடக்காது.

எதிர்ப்பால் கூடும் இன்சுலின் சும்மா இருப்பதும் இல்லை. சிறுநீரகத்தை உப்பைப் பிடித்துவைக்கச் சொல்கிறது, நரம்புகளை முடுக்கிவிடுகிறது. பிபி இன்னும் ஏறுகிறது. எது முதலில் வந்தது என்று பிரிப்பது கஷ்டம். ஆனால் சில பெண்களிடம் பிபி ஏறுவதற்கு வெகு முன்னாலேயே இன்சுலின் எதிர்ப்பு தெரிந்துவிடுகிறது. அவர்களுக்கு அது பிபி ஏறியதன் விளைவாக இருக்க முடியாது.

பிப்ரவரி 13

என் அண்ணியைப் பற்றி எழுத அவரிடமே அனுமதி கேட்டுவிட்டேன். அவருக்கும் ப்ரீக்ளாம்ப்சியா, ஆனால் 38 வாரத்தில் வந்தது. கர்ப்பகாலச் சர்க்கரையும் இருந்தது. குழந்தை 3 கிலோ 700 கிராம். என் மகள் 34 வாரம் 2 நாளில் 1 கிலோ 420 கிராம். ஒரே நோய்ப் பெயர். வீட்டில் யாருக்கும் இது பிடிபடவில்லை. அண்ணி நன்றாகச் சாப்பிட்டார், நான் சாப்பிடவில்லை என்பதே குடும்பத்தின் தீர்ப்பு.

இப்போது யோசித்தால் அவை இரண்டு வழிகள் என்று தோன்றுகிறது. என்னுடையது வாசலில் தொடங்கியது. தமனிகள் விரியவில்லை, நச்சுக்கொடி சிறிதாகவே இருந்தது. அண்ணியுடையது அம்மாவின் உடலில் தொடங்கியது. நச்சுக்கொடி பெரிது, வரத்தும் தாராளம், கடைசியில் அந்தப் பெரிய நச்சுக்கொடிக்கே ரத்தம் போதாமல் போனது. தாமதமாக வரும் ப்ரீக்ளாம்ப்சியாவில் குழந்தைகள் பெரும்பாலும் சரியான எடையில் பிறக்கிறார்கள். சில குழந்தைகள் பெரிதாகவும் இருக்கிறார்கள். 2008இல் வெளியான ஹாப்போ ஆய்வில், ஒன்பது நாடுகளில் இருபதாயிரத்துக்கு மேற்பட்ட கர்ப்பிணிகளிடம், அம்மாவின் சர்க்கரை கூடக்கூடக் குழந்தையின் எடையும் கூடியது, ப்ரீக்ளாம்ப்சியாவும் கூடியது. அது அண்ணி போன ரயில். நான் ஏறியது வேறு ரயில். நடுவில் இரண்டும் கலந்தவர்கள் நிறையப் பேர் உண்டு. நீங்களும் அதில் ஒருவராக இருக்கலாம்.

அண்ணி இதைப் படித்துவிட்டு, "நானும் ஒழுங்கா சாப்பிடல, நெஞ்செரிச்சல்ல பாதி நாள் பட்டினி" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். ஆறு வருடமாக இதை ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று செல்லமாகச் சண்டை போட்டேன்.

பிப்ரவரி 14

லெப்டின் பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக. 1994இல் கண்டுபிடித்த கொழுப்புத் திசு ஹார்மோன். கர்ப்பத்தில் நச்சுக்கொடியும் சுரக்கிறது. ஆக்சிஜன் குறைந்தால் இன்னும் அதிகம் சுரக்கிறது. அதனால் ப்ரீக்ளாம்ப்சியா அம்மாக்களின் ரத்தத்தில் கூடுகிறது. மெலிந்த குழந்தையின் தொப்புள்கொடி ரத்தத்தில் குறைவு, ஏனென்றால் குழந்தையின் உடலில் கொழுப்பே இல்லை.

அடிபோனெக்டின்தான் குழப்புவது. இன்சுலினுக்கு உதவும் ஹார்மோன், எதிர்ப்பு இருப்பவர்களிடம் குறையும். ஆனால் ப்ரீக்ளாம்ப்சியாவில் பல ஆய்வுகளில் அது கூடியே இருந்தது. உடல் ஈடுகட்டப் பார்க்கிறது என்பது ஒரு விளக்கம். அம்மாவின் அடிபோனெக்டின் கூடினால் நச்சுக்கொடி வழியாக ஊட்டம் போவது குறையும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கு அந்த விளக்கம் மட்டும் போதவில்லை.

பிப்ரவரி 17

உங்கள் அறிக்கையில் இருந்த எண்ணை அனுப்பியிருந்தீர்கள். அது ஹோமா-ஐஆர் என்ற இன்சுலின் எதிர்ப்பின் கணக்கு, வெறும்வயிற்று சர்க்கரையையும் இன்சுலினையும் பெருக்கி 405ஆல் வகுத்தது. சர்க்கரை 84, இன்சுலின் 19 என்றால் 3.9. இது என் தினசரி வேலை, அதனால் சொல்கிறேன்: கர்ப்பம் இல்லாதவர்களுக்கு வைத்திருக்கும் எல்லைகளை இதற்குப் பொருத்தக் கூடாது. உங்கள் வாரத்தில் எதிர்ப்பு இருந்தே தீரும். இன்னொன்று, ரத்தம் எடுக்கும்போது சிவப்பணுக்கள் உடைந்துவிட்டால் அதிலிருந்து வரும் நொதி இன்சுலினைச் சிதைத்துவிடும், அளவு பொய்யாகக் குறைந்து காட்டும். சீரம் இளஞ்சிவப்பாக இருந்தால் அந்தக் குழாயை ஓட்டாமல் ஒதுக்கிவைப்பேன். ஆக, அந்த ஒற்றை எண்ணை வைத்துப் பயப்படாதீர்கள். டாப்ளரும் வளர்ச்சிக் கோடும் உங்களுக்கு அதைவிட நிறையச் சொல்லும்.

பிப்ரவரி 20

பிறந்த பிறகு நடந்தது. மகளின் குதிகாலில் ஊசியால் குத்தி ஒரு சொட்டு எடுத்தார்கள். என் கட்டைவிரல் நகம்தான் அந்தக் குதிகாலின் அளவு. சர்க்கரை 31. உடனே குளுக்கோஸ் ஏற்றினார்கள். இரண்டு மணிக்கு ஒரு தரம் குத்தல். நான்காவது முறை குத்தும்போது அவள் அழவில்லை, காலை மட்டும் மெல்ல இழுத்துக்கொண்டாள்.

பக்கத்துத் தொட்டிலில் சர்க்கரை நோயுள்ள அம்மாவின் குழந்தை, 4 கிலோவுக்கு மேல். அதற்கும் சர்க்கரை குறைந்தது, அதற்கும் குத்தல். அந்தக் குழந்தைக்கு இன்சுலின் அதிகம், தொப்புள்கொடியை வெட்டியதும் வரத்து நின்றது, இன்சுலின் நிற்கவில்லை. என் மகளுக்கு இன்சுலின் குறைவு, ஆனால் ஈரலில் சேமிப்பே இல்லை.

பிப்ரவரி 21

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். வயிற்றுக்குள் நெருக்கடியில் வளர்ந்த சில குழந்தைகளுக்குப் பிறந்தபின் இன்சுலின் அடங்காமல் சுரப்பதும் உண்டு. நாட்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில். கணையத்தை அடக்கிவைத்த அட்ரினலின் பிறந்ததும் விலகிவிடுகிறது, அதுவரை அடங்கிக் கிடந்தது பீறிடுகிறது என்பது ஒரு விளக்கம். என் மகளுக்கு ஐந்து நாள் குளுக்கோஸ் தேவைப்பட்டது. சேமிப்பு இல்லாதது மட்டும்தான் காரணமா என்று இப்போது எனக்கே சந்தேகமாக இருக்கிறது. அப்போது அவளுடைய இன்சுலினை அளந்திருந்தால் தெரிந்திருக்கும். நானாவது கேட்டிருக்க வேண்டும்.

பிப்ரவரி 25

மருந்து. பிபியைக் குறைக்கும் மாத்திரைகள் அம்மாவின் மூளையைக் காப்பாற்றும். மெக்னீசியம் சல்ஃபேட் வலிப்பு வரும் அபாயத்தைப் பாதியாக்கும், 2002இல் பத்தாயிரம் பெண்களிடம் நடந்த மேக்பை ஆய்வு அதை உறுதிசெய்தது. இவை எதுவும் கருப்பையின் அந்தச் சுருள் தமனிகளைச் சரிசெய்யாது. நோய் தீர நச்சுக்கொடி வெளியே வர வேண்டும்.

தடுக்க முடிவது ஆஸ்பிரின். 2017இன் ஆஸ்பிரி ஆய்வில், அபாயம் அதிகமுள்ள பெண்களுக்கு 11 முதல் 14 வாரத்துக்குள் தொடங்கி, இரவில் 150 மில்லிகிராம், 36 வாரம் வரை கொடுத்தார்கள். 37 வாரத்துக்கு முன் வரும் ப்ரீக்ளாம்ப்சியா 4.3 சதவீதத்திலிருந்து 1.6 சதவீதமாக இறங்கியது. தமனிகள் மாறிக்கொண்டிருக்கும் சமயத்தில் தொடங்குவதுதான் முக்கியம். 29 வாரத்தில் புதிதாகத் தொடங்குவதில் பயன் இல்லை, நீங்களாக வாங்கிப் போடாதீர்கள்.

சர்க்கரை நோய்க்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் மாத்திரை மேல் எனக்கு ஆசை உண்டு. இன்சுலின் எதிர்ப்பையும் எஸ்-எஃப்எல்டி-1ஐயும் சேர்த்துக் குறைக்கும் என்பதுதான் ஆசைக்குக் காரணம். 2021இல் வெளியான தென்னாப்பிரிக்க ஆய்வில், 180 பெண்களிடம், மாத்திரை எடுத்தவர்களுக்குக் கர்ப்பம் நடுமதிப்பில் 17.7 நாள் நீண்டது, எடுக்காதவர்களுக்கு 7.9 நாள். ஆனால் தற்செயல் இல்லை என்று அடித்துச் சொல்லும் அளவுக்கு அந்த வித்தியாசம் வரவில்லை. பத்து நாள் என்பது 28 வாரத்தில் எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும், அதனாலேயே அவசரப்பட்டு நம்பிவிடக் கூடாது என்று என்னை நானே பிடித்துவைத்திருக்கிறேன்.

மார்ச் 4

என் பிபி பிரசவத்துக்குப் பின் ஏழாவது வாரம்தான் இறங்கியது. போன வருடம் மறுபடி ஏறியிருக்கிறது, மாத்திரை எடுக்கிறேன். ப்ரீக்ளாம்ப்சியா வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் ரத்த அழுத்தம் வரும் வாய்ப்பு மூன்று நான்கு மடங்கு, மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் ஏறக்குறைய இரண்டு மடங்கு, சர்க்கரை நோய்க்கும் கூடுதல். டிஸ்சார்ஜ் அன்று இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. வருடா வருடம் பிபி, சர்க்கரை, கொழுப்பு பார்த்துக்கொள்ளுங்கள், வேறு டாக்டரிடம் போனாலும் எனக்கு ப்ரீக்ளாம்ப்சியா இருந்தது என்று நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள்.

மார்ச் 6

உங்கள் செய்தி பார்த்தேன். 33 வாரம், டாப்ளரில் ஓட்டம் இருக்கிறது, எடை 1 கிலோ 500. நல்ல செய்தி. நுரையீரலுக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். ஊசிக்குப் பிறகு சில நாள் உங்கள் சர்க்கரை ஏறும், அது ஊசியின் வேலை. அன்று என்ன சாப்பிட்டீர்கள் என்று யாராவது விசாரித்தால் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். குழந்தையின் அசைவு குறைந்ததாகத் தோன்றினால் காத்திருக்க வேண்டாம். வியாழக்கிழமை ஸ்கேன் முடிந்ததும் வயிற்றுச் சுற்றளவு எவ்வளவு என்று எழுதுங்கள், என் தாளில் அதே வாரத்துப் புள்ளிக்குப் பக்கத்தில் பென்சிலால் வைத்துப் பார்க்கிறேன்.